திருநெல்வேலி வீடுகளில் பேட்டரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இன்வெர்ட்டருக்கும் வண்டிக்கும் பேட்டரி சர்வீஸ் பார்ப்பது என் வேலை. மேலப்பாளையம், பேட்டை, தச்சநல்லூர் என்று பக்கத்தில் போனாலும் சரி, அம்பாசமுத்திரம், களக்காடு என்று தள்ளிப் போனாலும் சரி, கேட்கிற சந்தேகங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஐந்தாறு வருஷம் உழைக்க வேண்டிய பேட்டரி இரண்டே வருஷத்தில் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்குப் போவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்: தண்ணீர் வற்றியிருக்கும், சூட்டில் வெந்திருக்கும், அல்லது சார்ஜ் இல்லாமல் கிடந்திருக்கும். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, பேட்டரிக்குள்ள கரண்ட்ட எப்படி அடைச்சு வைக்காங்க?

உள்ளே கரண்ட்டாக எதுவும் இருக்காது, ரசாயனம்தான் இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியிலும் வண்டி பேட்டரியிலும் இரண்டு வகை ஈயப் பிளேட்டுகள், தண்ணீர் கலந்த கந்தக அமிலத்தில் முங்கி நிற்கின்றன. பிளஸ் பக்கம் ஈய டை ஆக்சைடு, கரும்பழுப்பு நிறம். மைனஸ் பக்கம் சாம்பல் நிறத்தில் துளைதுளையான வெறும் ஈயம். நீங்கள் ஃபேனைப் போட்டதும் ஆசிட்டில் உள்ள சல்பேட் இரண்டு பிளேட்டிலும் போய் ஒட்டுகிறது. அப்போது மைனஸ் பிளேட்டில் விடுபடும் எலக்ட்ரான்கள் வயர் வழியாகச் சுற்றி, ஃபேனை ஓட்டிவிட்டு, பிளஸ் பிளேட்டுக்குப் போய்ச் சேர்கின்றன. அந்த ஓட்டம்தான் கரண்ட்.

ஈ.பி. கரண்ட் வந்ததும் இன்வெர்ட்டர் இதையே எதிர்த்திசையில் நடத்துகிறது. பிளேட்டில் ஒட்டிய சல்பேட் கழன்று மறுபடி ஆசிட்டுக்குள் வந்துவிடும். சார்ஜ் இறங்க இறங்க ஆசிட் தண்ணீராகிக்கொண்டே போகும், ஏற ஏறக் கனமாகும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிக் கேள்விக்கு இதுதான் அடிப்படை. 1859-ல் பிரான்ஸ் நாட்டு கஸ்தோன் பிளாந்தே செய்து காட்டிய முறை இது. இன்றுவரை அடிப்படை மாறவில்லை.

12 வோல்ட், 150 ஏ.ஹெச்.ன்னு எழுதியிருக்கே, எங்க வீட்டுக்கு எவ்வளவு நேரம் வரும்?

பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனி அறைகளைத்தான் செல் என்கிறோம். ஒரு செல்லுக்குச் சுமார் 2 வோல்ட். ஆறு செல்லை வரிசையாகக் கோத்தால் 12. மேலே ஆறு மூடி இருப்பது அதனால்தான். ஏ.ஹெச். என்பது ஆம்பியர் அவர்: எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம் என்ற கணக்கு. 150 ஏ.ஹெச். பேட்டரியை 20 மணி நேரக் கணக்கில் அளந்திருந்தால், ஏழரை ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்று பொருள். வேகமாக உறிஞ்சினால் அவ்வளவு கிடைக்காது.

150-ஐ 12-ஆல் பெருக்கினால் 1,800 வாட் அவர். முழுசாக உறிஞ்சவும் கூடாது, இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். கைக்கு வருவது 1,100 சொச்சம். 75 வாட் பழைய ஃபேன் இரண்டு, 20 வாட் எல்.இ.டி. டியூப் மூன்று ஓடினால் 210 வாட், அதாவது புது பேட்டரியில் ஐந்து மணி நேரம் போல வரும். ஃபேன் இரண்டையும் 30 வாட் மட்டும் இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேனாக மாற்றினால் அதே பேட்டரி ஒன்பது மணி நேரத்தை நெருங்கும். பெரிய பேட்டரி வாங்க வருகிறவர்களிடம் முதலில் ஃபேனை மாற்றச் சொல்வேன்.

தண்ணி குறைஞ்சுக்கிட்டே இருக்கு. ஓட்டையா?

ஓட்டை இல்லை. பேட்டரி நிறைகிற நேரத்தில் சார்ஜரின் மின்சாரத்தில் ஒரு பங்கு உள்ளே இருக்கும் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுகிறது. அது மூடித் துளை வழியாக வெளியேறுகிறது. போவது ஏறக்குறைய தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயே இருக்கும்.

அடிக்கடி கரண்ட் போகிற வீட்டில் சீக்கிரம் குறையும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். மாதம் ஒருமுறை, தண்ணீர் மட்டம் காட்டும் மிதவையைப் பாருங்கள். பச்சைக் கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும், விளிம்புவரை ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழிந்து ஆசிட்டும் சேர்ந்து போய்விடும். முழு சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுவதுதான் முறை. ஆனால் பிளேட் வெளியே தெரிகிற அளவு வற்றியிருந்தால் காத்திருக்காதீர்கள், பிளேட் முங்கும் அளவு உடனே ஊற்றிவிட்டு, சார்ஜ் ஏறிய பிறகு மீதியை ஊற்றுங்கள். காற்றில் பட்டுக் காய்ந்த பிளேட் பகுதி பெரும்பாலும் திரும்ப வேலை செய்வதில்லை.

தாமிரபரணித் தண்ணி ஊத்துனா என்ன? ஊருக்கே அதத்தான குடிக்கக் கொடுக்காங்க. மழைத்தண்ணி, ஏ.சி. தண்ணி ஊத்தலாமா?

குடிக்க நல்ல தண்ணீர் வேறு, பேட்டரிக்கு நல்ல தண்ணீர் வேறு. தாமிரபரணித் தண்ணீரின் ருசியே அதில் கரைந்துள்ள உப்புகளால்தான் வருகிறது. குழாயில் வரும்போது குளோரினும் சேர்ந்திருக்கும். இரும்பு, குளோரைடு இரண்டும் பேட்டரிக்கு விஷம். சார்ஜை உள்ளுக்குள்ளேயே கரைத்துவிடும், பிளேட்டை அரிக்கும். மேலே சொன்னபடி தண்ணீர் மட்டும் வாயுவாகப் போகும், அதிலிருந்த உப்பு உள்ளேயே தங்கும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அது கூடிக்கொண்டே வரும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். ஏ.சி.யில் சொட்டுவது ஆவி குளிர்ந்த தண்ணீர்தான், ஆனாலும் காயிலின் உலோகத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வருகிறது. தட்டட்டியில் (மொட்டை மாடியில்) பிடித்த மழைத் தண்ணீரும் அப்படித்தான். டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேன் பேட்டரிக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கிறது. பதினைந்தாயிரம் ரூபாய் சாமானுக்கு அந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம். ஊற்றும் புனல் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

பேக்கப் குறைஞ்சிட்டு. கொஞ்சம் ஆசிட் விட்டா வேகம் வரும்னு ஒருத்தர் சொல்லுதாரே?

விடாதீர்கள். ஆசிட் குறையவில்லை, அது சல்பேட்டாகப் பிளேட்டில் ஒட்டியிருக்கிறது. மேலே புதிதாக விட்டால், ஆசிட்டின் கனத்தை அளக்கும் ஹைட்ரோமீட்டர் நல்ல கணக்குக் காட்டும், ஓரிரு நாள் துள்ளும், பிறகு பிளேட் அரித்துச் சாகும். பேட்டரி கவிழ்ந்து ஆசிட் கொட்டிப்போனால் மட்டும்தான் ஆசிட் விட வேண்டும், அதையும் சர்வீஸ்காரர்தான் செய்ய வேண்டும்.

ஹைட்ரோமீட்டர் இருந்தால் நீங்களே பார்க்கலாம். தண்ணீரின் கனத்தை 1 என்று வைத்து அது ஆசிட்டின் கனத்தைக் காட்டும். முழு சார்ஜில், டியூபுலர் எனும் குழாய் வகை பேட்டரிக்கு 1.240-ஐ ஒட்டி வரும். ஐந்து செல் 1.230, 1.240 காட்டி, ஒரு செல் மட்டும் 1.150-ல் நின்றால் அந்தச் செல் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதைக் கையோடு எழுதி வைத்திருந்தால் வாரண்டி கேட்கும்போது உதவும்.

வெயிலுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்? நிழல்லதான வச்சிருக்கோம்?

நம் ஊரில் பேட்டரிக்கு முதல் எதிரி சூடுதான். பேட்டரியின் ஆயுளை 25, 27 டிகிரியில் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. சூட்டில் ரசாயன வேலை வேகமாக நடக்கிறது. அதனால் பேட்டரி அன்றைக்கு நன்றாகவே ஓடும், கேடு அப்போது தெரியாது. ஆனால் பிளஸ் பிளேட்டின் ஈயக் கம்பி அரிப்பதும் தண்ணீர் போவதும் அதே வேகத்தில் நடந்துகொண்டிருக்கும்.

சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியைத் தொடும். தட்டட்டியில் தகர ஷெட் போட்டு அதற்குள் பேட்டரி வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. அது நிழல் இல்லை, அடுப்பு. மேற்குச் சுவரை ஒட்டி வைப்பதும் நல்லதில்லை, சாயந்தரம் முழுக்க அந்தச் சுவர் சூட்டைக் கக்கும். பழைய வீடாக இருந்தால் வீட்டின் முன்பக்கத் தார்சாவில் காற்றோட்டமான மூலை போதும். புது வீடு என்றால் மாடிப்படிக்குக் கீழே வையுங்கள், ஆனால் கதவு போட்டு அடைக்காதீர்கள். பேட்டரிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடம் இருக்கட்டும். தொட்டால் கை பொறுக்காத அளவு சுட்டால் சார்ஜை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

சாமி ரூம்ல இடம் சும்மா கிடக்கு, அங்க வைக்கலாமா?

கூடவே கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்று சொன்னேன். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது பற்றிக்கொள்ளும். அடைத்த அறை, எரிகிற விளக்கு, ஊதுபத்தி, இவற்றோடு பேட்டரி சேரக் கூடாது. கேஸ் அடுப்புப் பக்கமும் வேண்டாம். மூடியைத் திறந்து உள்ளே பார்க்கத் தீக்குச்சி கிழிக்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து டார்ச் எடுங்கள். ஆசிட் கண்ணில் தெறித்தால் அந்த நிமிஷமே குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டெர்மினல்ல வெள்ளையா, பச்சையா பூத்திருக்கே?

ஆசிட் ஆவி ஈயத்தையும் செம்பையும் தின்று விட்ட உப்பு அது. கரண்ட் போக வழி குறையும், அந்த இடம் சூடாகும். இன்வெர்ட்டரை முழுசாக அணைத்து, மைனஸ் வயரை முதலில் கழற்றி, அப்புறம் பிளஸைக் கழற்றுங்கள். வெந்நீரில் ஆப்பச் சோடா கலந்து பழைய பிரஷ்ஷால் தேயுங்கள், அது மூடிக்குள் மட்டும் இறங்கிவிடக் கூடாது. துடைத்துக் காயவைத்து, பிளஸை முதலில் மாட்டி இறுக்கி, கடைசியில் மைனஸை மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். கிரீஸை விட வாசலின் நல்லது. மோதிரம், கை வளையலைக் கழற்றி வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். ஸ்பேனர் இரண்டு டெர்மினலையும் ஒன்றாகத் தொட்டால் நெருப்புப் பறக்கும்.

இப்பல்லாம் கரண்ட் கட்டே இல்ல. சுவிட்ச அணைச்சுப் போட்டுட்டா பேட்டரிக்கு ரெஸ்ட்தான?

ரெஸ்ட் கொடுப்பதாக நினைத்துக் கொன்றுவிடுகிற இடம் இதுதான். எதுவும் ஓடாவிட்டாலும் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், வெயில் காலத்தில் கூடுதலாக. இறங்கினால் பிளேட்டில் சல்பேட் ஒட்டும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் என்ன ஆகும்? உடன்குடிப் பக்கம் பதநீர்ப் பாகைப் பானையில் ஊற்றி அசைக்காமல் வைத்தால் நாள் ஆக ஆகக் கல்கண்டாக இறுகுமே, அதே மாதிரி மென்மையான சல்பேட் பெரிய பெரிய படிகமாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் கரையாது.

அதனால் இன்வெர்ட்டரை ஈ.பி. லைனிலேயே எப்போதும் விட்டு வையுங்கள், நிறைந்ததும் அது தானாகக் குறைத்துக்கொள்ளும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு ஷட் டவுன் உங்கள் பகுதிக்கு வந்தால் அது பேட்டரிக்கு ஒரு நல்ல ஓட்டம். அதுவும் வராவிட்டால் மாதம் ஒருநாள் மெயினை அணைத்து ஒன்றிரண்டு மணி நேரம் பேட்டரியில் ஓட்டுங்கள், பேட்டரி எப்படி இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் சென்னைக்கோ மும்பைக்கோ போகிறவர்கள், முழு சார்ஜ் ஏற்றி, தண்ணீர் சரிபார்த்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாராவது வந்து மாட்டி ஒருநாள் சார்ஜ் ஏற்றினால் போதும்.

மவன் துபாய்ல இருக்கான். அவன் பைக்க தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கேன். ஆனாலும் செல்ஃப் எடுக்கல?

செல்ஃப் ஒருமுறை அடிக்க ஆகிற சார்ஜை, நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் உறுமினால் திருப்பித் தர முடியாது. தினமும் கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். வாரம் ஒருநாள் வண்ணாரப்பேட்டை வரை போய்விட்டு அரை மணி நேரம் ஓட்டி வாருங்கள். ஓட்ட ஆள் இல்லையென்றால் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை சார்ஜரில் போடுங்கள். இப்போது வரும் பைக் பேட்டரிகள் பெரும்பாலும் மூடியே இல்லாதவை, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. அதை நெம்பித் திறக்காதீர்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் வண்டி நாலைந்து மணி நேரம் நின்ற பிறகு வையுங்கள். 12.5-க்கு மேல் என்றால் நன்றாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலிதான், அன்றைக்கே சார்ஜ் ஏற்றுங்கள்.

தரையில வச்சா கரண்ட்ட தரை இழுத்துருமாமே?

பழைய காலத்து மரப்பெட்டி, ரப்பர் பெட்டி பேட்டரிகளில் ஈரம் ஊறிக் கசிந்தது உண்டு. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் இல்லை. டிராலியில் வைத்தால் கூட்டித் துடைக்க வசதி, அவ்வளவுதான்.

ரெண்டு பேட்டரி வச்சிருக்கோம், ஒண்ணுதான் போச்சு. அத மட்டும் மாத்துனா போதுமா?

வரிசையாகக் கோத்த இரண்டில் ஒன்று புதுசு, ஒன்று நாலு வருஷப் பழசு என்றால், பழசு சீக்கிரம் நிறைந்து பொங்கும், சீக்கிரம் காலியும் ஆகும். புதுசு ஒருபோதும் முழுசாக நிறையாது. அரைகுறை சார்ஜில் கிடந்தால் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். வாங்கி ஆறு மாதத்துக்குள் ஒன்று போனால் அதை மட்டும் மாற்றலாம். அதற்கு மேல் ஆகியிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் கடைசியில் லாபம்.

செல்போன் சார்ஜ முழுசா இறக்கிட்டுத்தான் ஏத்தணுமா? ராத்திரி முழுக்கப் போட்டு வைக்கலாமா?

முழுசாக இறக்குவது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன வைத்தியம். போனில் இருப்பது லித்தியம் அயான். 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் லித்தியம் அயனிகள் இரண்டு பக்கத்துக்கும் போய் வருகின்றன. முழுக்க நிறைந்து நிற்பதும் முழுக்கக் காலியாவதும் இரண்டுமே அதற்குச் சிரமம். 20-க்கும் 80-க்கும் நடுவில் வைத்துக்கொண்டால் ஆயுள் கூடும்.

ராத்திரி போட்டால் நூறில் போனே நிறுத்திக்கொள்ளும், வெடிக்காது. தலையணைக்கு அடியில் வைப்பதுதான் தப்பு, சூடு வெளியேற வழியில்லை. போனின் முதுகு உப்பியிருந்தால் அமுக்கவோ குத்தவோ கூடாது, சார்ஜும் போடக் கூடாது.

பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருக்கோம். நம்ம வெயிலுக்குத் தாங்குமா?

தாங்கும், நீங்களும் கொஞ்சம் ஒத்துழைத்தால். மத்தியானம் ஓட்டி வந்த கையோடு சார்ஜ் போடாதீர்கள், அரை மணி நேரம் ஆறட்டும். நிறுத்தும் இடம் வேப்பமர நிழலாவது இருக்கட்டும். கூடவே வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். வீட்டிலிருந்து வெளியேறும் ஒரே வழியான வாசலிலோ மாடிப்படியிலோ நிறுத்திச் சார்ஜ் போட வேண்டாம், தீப்பிடித்தால் தப்பிக்க வழி இருக்காது.

வெள்ளத்துல இன்வெர்ட்டரும் பேட்டரியும் முங்கிட்டு. காயவச்சுப் போடலாமா?

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இல்லை. முதலில் உயிர். ஈ.பி. மெயினை அணைத்துவிட்டோம் என்று தைரியமாகத் தண்ணீரில் இறங்காதீர்கள். மெயின் போனால்தான் இன்வெர்ட்டரே முழித்துக்கொண்டு 230 வோல்ட் அனுப்பும். மழை எச்சரிக்கை வந்ததுமே இன்வெர்ட்டரையும் அணைத்து, பேட்டரி வயரைக் கழற்றுங்கள். முடிந்தால் கல் அடுக்கி உயரத்தில் ஏற்றுங்கள்.

முங்கிய இன்வெர்ட்டர் சேறு காய்ந்தாலும் உள்ளே உப்புப் படிவு இருக்கும், ஆள் திறந்து பார்க்காமல் போடவே கூடாது. பேட்டரியில் மூடி இறுக்கமாக இருந்து உள்ளே தண்ணீர் போகாவிட்டால் பிழைக்கும். ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் ஒரே மாதிரி காட்டுகிறதா என்று பாருங்கள். சேற்றுத் தண்ணீர் கலந்திருந்தால் மேலே ஆற்றுத் தண்ணீருக்குச் சொன்னதுதான் இதற்கும். லித்தியம் பேட்டரி முங்கியிருந்தால் வீட்டுக்குள் வைக்காமல், சார்ஜ் போடாமல், திறந்த வெளியில் தள்ளி வைத்துவிட்டுக் கம்பெனிக்குச் சொல்லுங்கள்.

பேதி உப்பு கரைச்சு ஊத்துனா செத்த பேட்டரி எந்திரிக்குமாமே?

எழுந்திருக்காது. இறுகிய சல்பேட் அதனால் கரையாது, புது ஈயமும் வராது. வாரக்கணக்கில் மட்டும் கிடந்த பேட்டரியைக் குறைந்த ஆம்பியரில் நிதானமாக இரண்டு மூன்று நாள் சார்ஜ் ஏற்றினால் ஓரளவு மீளும். பிளேட் உதிர்ந்து அடியில் வண்டலாகத் தங்கியிருந்தால் யாராலும் முடியாது. டியூபுலர் பேட்டரியில் பிளஸ் பிளேட்டின் மாவைத் துணிக் குழாய்க்குள் திணித்து வைத்திருப்பதால் அந்த உதிர்தல் குறைவு. விலை கூடினாலும் இன்வெர்ட்டருக்கு அதை வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

கயத்தாறு, பணகுடி காத்தாடி கரண்ட்டயெல்லாம் பேட்டரியில சேத்து வச்சா கரண்ட் கட்டே வராதுல்லா?

நல்ல கேள்வி, ஒரு பள்ளிக்கூடப் பையன் கேட்டான். குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்றுதான், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகப் புகுந்து காற்றாலைகளின் காத்தாடிகளைச் சுழற்றுகிறது. வைகாசி முதல் புரட்டாசி வரை கொட்டும், மற்ற மாதங்களில் மெலியும். ஒரு பகலில் மிஞ்சுவதை ராத்திரிக்கு வைக்க லித்தியம் பேட்டரிகளால் முடியும். ஆடி மாதக் காற்றை மாசிக்கு வைக்க வேண்டுமென்றால் ஆகிற பேட்டரிக்குச் செலவு கட்டாது. மிஞ்சிய மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கும் முறையும் உண்டு, கோவைப் பக்கம் காடம்பாறையில் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது.

பழைய பேட்டரிய யாருட்ட போடணும்? ஆசிட்டக் கீழ ஊத்திட்டுக் கொண்டான்னு சொல்லுதாங்க.

அப்படிச் சொல்பவரிடம் போடாதீர்கள். அந்த ஆசிட்டில் ஈயம் கலந்திருக்கிறது. வாய்க்காலில் ஊற்றினால் வயலுக்கும் கிணற்றுக்கும் போகும். ஈயம் உடம்பில் சேர்ந்தால் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், போன பாதிப்பு திரும்பாது. கொல்லையில் பிளேட்டை உருக்கி ஈயம் எடுக்கிற இடத்தின் புகையும் மண்ணும் அதே விஷம்தான்.

2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுங்கள், ஈயத்துக்கு நல்ல விலை இருப்பதால் கணிசமாகக் கழித்துக்கொள்வார்கள். ஆசிட்டோடு, மூடியை இறுக்கி, நிமிர்த்தியே ஆட்டோவில் ஏற்றுங்கள். பில்லில் பழைய பேட்டரிக்குக் கழித்த தொகையைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.